கடிக்குது

இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
முதுகில் ஊசி இறங்கியபோது
கடைசியாக விடைபெற்றது இடது காற்பெருவிரல்.
பிறகு வெட்டினார்கள். ஆரோ எனக்குள்
லாச்சிகளை ஒவ்வொன்றாய் இழுத்துத் தேடினமாதிரி இருந்தது.
மகள் அழுதாள். தைத்தார்கள்.
ஒரு துளி நோவில்லை.

இரவு பதினொன்றரை. பொரளை ஆஸ்பத்திரி.
மூக்கு நுனியில் கடிக்கத் தொடங்கிற்று.

ஒரு கையில் சேலைன்,
மறு கையில் தானாக இறுகித் தளரும் பிரஷர்ப் பட்டி.
தலையணையில் தேய்த்தேன்.
கன்னத்துக்கு மாறியது, புருவத்துக்கு ஏறியது,
திரும்ப மூக்குக்கே வந்து குந்தியது.

"கடிக்குது மிஸ்."
நில்மினி மிஸ் டோர்ச் அடித்து
வலைக்குள் நுளம்பு தேடினாள். டெங்குக் காலம்,
அவளுடைய பயம் நியாயம்.
"மதுருவெக் நே."
நான் கண்ணால் மூக்கைக் காட்டினேன்.
"ஆ! கஹனவா!"
அவளிடம் இதற்குத் தனிச்சொல் இருக்கிறது.
எங்கள் வீட்டில்
நாய்க்கும் நுளம்புக்கும் தோலுக்கும் ஒரே வினை.

மயக்க மருந்து டொக்டர் வந்தா. தூக்கக் கண், கொக்குவில் பேச்சு.
"ஊசியிலை கொஞ்சம் மோர்பின் இருக்கு.
நோவும் கடியும் முள்ளந்தண்டுக்குள்ளை பக்கத்து வீட்டுக்காரர்.
நோவு முழிச்சிருந்தா கடியை எழும்ப விடாது.
நாங்கள் சொறியிறதே அதுக்குத்தானே,
சின்னதா நோகப்பண்ணி அதை அடக்க.
இப்ப நோவை நித்திரையாக்கிப்போட்டம்.
காவலுக்கு ஆளில்லை."
சொல்லிவிட்டு ஆறாம் கட்டிலுக்குப் போய்விட்டா.

நான் பம்பலப்பிட்டி ஸ்ரேசனில் டிக்கெட் கொடுப்பவள்.
மெல்லிய நரம்பாம், உறையில்லாததாம்,
நடக்கிற ஆளின் வேகத்தில்தான் சேதி போகுமாம்.
அந்த வண்டியை எனக்குத் தெரியும்.
பாணந்துறை ஸ்லோ.
எல்லா இடமும் நிற்கும், கதவில் ஆள் தொங்கும்,
காலி எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும்.
இன்றைக்கு எக்ஸ்பிரஸ் ரத்து.

ஈரலுக்கு அரிக்காது. இதயத்துக்கு அரிக்காது.
சற்று முன் கிழித்துத் தைத்த கருப்பைக்கு
அந்த வார்த்தையே தெரியாது.
தோல், கண், உதடு என்று
வெளியுலகம் வந்து முட்டும் கரைகளுக்குத்தான் அரிப்பு.
எங்கள் பிளாட்போர்முக்குக் கீழே வருசாவருசம்
கருங்கல் கொட்டுகிறார்கள், கடலரிப்பாம்.
கடல் கேட்கிறதா?

நோவு, கையை எடு என்கும்.
கடி, கையைக் கொண்டுவா என்கும்.
கொண்டுவர எனக்குக் கையில்லை.

அடுத்த கட்டில் சிஹாரா, மாளிகாவத்தை,
மூன்றாவது பிள்ளை, நேற்றுத்தான் தையல்.
வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழும்பி வந்து
மருதாணி மங்கிய நகத்தால் சுரண்டினாள்.
"இங்கயா? இன்னும் மேலயா?"
மேலே. இன்னும். அங்கேதான்.
பிள்ளையைக் காட்டியபோது வராத கண்ணீர்
அப்போது வந்தது, வெட்கமில்லாமல்.
சுரண்டச் சுரண்ட அவள் தன் மூக்கையும் சொறிந்தாள்.
பார்த்துக்கொண்டிருந்த நில்மினி மிஸ் கழுத்தை.
வாசலில் ட்ரொலியோடு நின்றவர் முழங்கையை.
மருந்து என் முதுகில் மட்டும்தான் போனது.

விடிய நாலு மணிக்குப் பெருவிரல் திரும்பி வந்தது.
அதன் பின்னாலேயே, வயிற்றுக்குக் குறுக்காக,
விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு எக்ஸ்பிரஸ்.
பல்லைக் கடித்தேன். மூக்கு அடங்கிற்று.

மகளின் கைகளில் வெள்ளைத் துணியுறை,
முகத்தைக் கீறாமலிருக்கக் கட்டியது.
உனக்கு எங்கேயாவது கடிக்குதா?
பசிக்கும் குளிருக்கும் அதற்கும்
அவளிடம் ஒரே அழுகை.
கையை உயர்த்தி, கன்னத்தைத் தேடி,
காற்றைத் தொட்டு விழுத்தினாள்.
மறுபடியும்.

மிஸ் ரிப்போர்ட் எழுதுகிற நேரம்.
ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துவிட்டேன்.